நூற்றுப் பதினெட்டு மைல்

எங்கள் ஊர்க்காரர்களிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் "பரவாயில்ல, குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்பார்கள். ஆலங்கட்டி மழை அடித்து மக்காச்சோளம் மொத்தமும் தரையில் படுத்திருக்கும். இவர்கள் வரப்பில் நின்றுகொண்டு, "நிலத்துக்குத் தண்ணி வேண்டியதுதான்" என்று காப்பியை உறிஞ்சுவார்கள். அமெரிக்காவின் நடுவே, இந்த அயோவா மாநிலத்தில் பிறந்தவர்களின் பழக்கம் அது. இவர்களைக் கொஞ்ச காலம் ராணுவத்திலும் போட்டு எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட ஆட்களுக்கு அரசாங்கத்திடமிருந்து ஈட்டுத்தொகை வாங்கித் தருவது என் பிழைப்பு.

என் பெயர் ஆர்லிஸ். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் ஸ்டோர் பார்த்து, சார்ஜன்டாக ஓய்வு பெற்றேன். இப்போது மாவட்டக் கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில், பாய்லருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து முன்னாள் வீரர்களின் மனுக்களை எழுதுகிறேன். காது போனவன், முட்டி தேய்ந்தவன், முதுகு ஒடிந்தவன் மனுவெல்லாம் எழுதுவதற்குச் சுலபம். எக்ஸ்ரே இருக்கும், ரிப்போர்ட் இருக்கும், பின் குத்தி அனுப்பினால் போதும். பதற்ற நோய்க்கு எக்ஸ்ரே கிடையாது. ஆள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. எங்கள் ஆட்கள் வாயைத் திறப்பதோ சாப்பிட மட்டும்தான்.

லோரன் ஹைஸ்மன் அந்த வகையில் ஒன்றாம் நம்பர். ஈராக்கில் கான்வாய் லாரி ஓட்டியவன். அங்கே ஒரு மேம்பாலத்துக்குக் கீழே போகும்போது மேலேயிருந்து எதையோ போட்டார்கள். இவனுக்கு முன்னால் போன லாரி எரிந்தது, அதை ஓட்டியவன் போய்விட்டான். அவன் படைப்பிரிவின் பதிவேட்டில் மூன்று வரிதான் இருக்கிறது. லோரன் சொல்லி எனக்குத் தெரிந்தது அந்த மூன்று வரிகூட இல்லை. ஊர் திரும்பி, கூட்டுறவு மில்லில் தீவன லாரி ஓட்டப் போனான். பன்றிப் பண்ணைகளுக்குச் சரளைக்கல் சாலைகளில் தனியாகப் போய்த் தனியாக வருகிற வேலை. நல்ல உழைப்பாளி என்று எல்லோரும் சொன்னார்கள். சர்ச் விருந்துக்கு வந்தால் சுவரோரமாக வாசலைப் பார்த்து உட்காருவான், பத்து நிமிடத்தில் காணாமல் போவான். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டோம்.

அவன் மனைவி ட்வைலா பிடரியில் கைவைத்துத் தள்ளாத குறையாக விரட்டியதால்தான் என்னிடம் மனு கொடுக்க வந்தான். முன்னாள் வீரர் நலத்துறையிலிருந்து மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தின நாள் நான் அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாத் தூங்கி எழுந்து, சுத்தமா டிரஸ் பண்ணிட்டுப் போ" என்றேன். இருபத்திரண்டு வருட ராணுவப் புத்தி. இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏப்ரலில் ஒரு காலை, அவன் கையில் இரண்டு காகிதங்களோடு வந்து நின்றான். முதலாவது துறையின் முடிவு. பதற்ற நோய் இருக்கிறது, அது ராணுவப் பணியால் வந்ததுதான், இரண்டையும் ஏற்கிறோம். ஆனால் அன்றாட வாழ்க்கைக்குப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே பாதிப்பு பூஜ்யம் சதவீதம், ஈட்டுத்தொகை கிடையாது. காரணமும் எழுதியிருந்தார்கள். மனுதாரர் முகம் மழித்து, துவைத்துத் தேய்த்த சட்டை அணிந்து, நேரத்துக்கு முன்பே வந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நலம், குறை ஒன்றுமில்லை என்றார். தாமே வண்டி ஓட்டி வந்ததாகவும் வழியில் சிரமம் ஏதும் இல்லை என்றும் கூறினார்.

எனக்கு வந்த கோபத்தில் பாய்லரே தோற்றிருக்கும்.

"ஏம்ப்பா லோரன், உன்னை அங்க எதுக்கு அனுப்பினேன்? பொண்ணு பாக்கவா? குறை ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்திருக்கே!"

"அவர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டார், சார்ஜன்ட். வேற என்ன சொல்றது?"

"நல்லா இல்லன்னு சொல்றது!"

"முன்னப்பின்ன தெரியாத மனுஷன்கிட்டயா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்பீல் பண்ணலாம், அதுவரை சிகிச்சைக்காவது போ, பூஜ்யமானாலும் சிகிச்சை இலவசம் என்றேன். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"ஒண்ணுமில்லன்னு எழுத்துல குடுத்துட்டாங்க. ஒண்ணுமில்லாததுக்கு யாராவது வைத்தியம் பாப்பாங்களா? அதை விடுங்க சார்ஜன்ட். எனக்கு இதைச் சரிபண்ணிக் குடுங்க, போதும்."

இரண்டாவது காகிதத்தை நீட்டினான். பரிசோதனைக்குப் போய்வந்ததற்கான பயணப்படிப் படிவம். ஒரு வழித் தூரம் என்ற கட்டத்தில் அவன் 118 மைல் என்று எழுதியிருந்தான். யாரோ சிவப்பு மையில் அதை அடித்து 52 என்று போட்டு, பக்கத்தில் 'தவறான தகவல்' என்று எழுதித் திருப்பியிருந்தார்கள்.

பூஜ்யத்தை விட்டுவிடச் சொல்கிறவன் இதற்கு வந்து நிற்கிறானே என்று எனக்கு இன்னும் எரிந்தது. அந்த மருத்துவமனைக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன். ஊர் எல்லையில் ரயில்வே பாலத்துக்குக் கீழே நுழைந்து, ஹைவேயில் ஏறினால் நேர்க்கோடு. ஐம்பத்திரண்டு மைல், ஐம்பது நிமிடம்.

"சரியாத்தானே அடிச்சிருக்கான். ரெண்டு மடங்குக்கு மேல எழுதியிருக்கே. பெட்ரோல் காசுக்காகவா பொய் எழுதுவே? இப்படி ஒரு காகிதம் உன் ஃபைல்ல இருந்தா, நாளைக்கு நீ எது சொன்னாலும் எவன் நம்புவான்?"

லோரனின் காது மடல் மட்டும் சிவந்தது. இரண்டு காகிதத்தையும் மேசையிலேயே விட்டுவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டான். நான் சரியாகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஃபைலை எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் ட்வைலா வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். தலையில் வலை, கையில் உருளைக்கிழங்கு வாசம், அப்படியே வந்திருந்தாள். உட்காரு என்றேன், உட்காரவில்லை.

"என் புருஷனைப் பொய்யன்னு சொன்னீங்களாமே?"

"நான் அப்படிச் சொல்லல, ட்வைலா. படிவத்துல..."

"அவனை எது வேணாலும் சொல்லுங்க. உம்மணாமூஞ்சின்னு சொல்லுங்க, நானே கூடச் சேர்ந்து சொல்றேன். ஆனா பொய்யன்னு சொல்லாதீங்க. நூத்திப் பதினெட்டுன்னா நூத்திப் பதினெட்டு. விடிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்பினான், பத்து மணி அப்பாயின்ட்மென்டுக்கு. தெரியுமா உங்களுக்கு?"

"எதுக்கு அஞ்சு மணி?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

"பாலத்துக்குக் கீழ அவன் போகமாட்டான், ஆர்லிஸ். எந்தப் பாலமும். எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷம். ஒரு தடவைகூட ஹைவேல போனதில்ல. எங்க பொண்ணு எமிலின் பொறக்க எனக்கு வலி எடுத்த கதையைக் கேக்காதீங்க. சரளைக்கல் ரோட்டுல ரெண்டு மணி நேரம் தூக்கித் தூக்கிப் போட்டுக் கூட்டிட்டுப் போனான். டாக்டர் வந்து சேர்றதுக்குள்ள குழந்தை பாதி வெளிய வந்திருச்சு. நான் கத்தின கத்துல அவன் அழுதான். அப்பவும் திரும்பி ஹைவே பக்கம் போகல. போக முடியல."

"இதை ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? எங்க வீட்டுல வழியே அதுதான். கொஞ்ச நாள்ல எனக்கே மறந்துபோச்சு, மத்தவங்க நேரா போறாங்கங்கறது."

அவள் போனபின் நான் அந்தப் படிவத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்களே என்று இவர்களைத் திட்டியிருக்கிறேன். ஒருவன் தன் நோயை நம்பராக எழுதி என் கையில் கொடுத்திருக்கிறான். அதைப் பொய் என்றேன்.

அன்று சாயங்காலமே மில்லுக்குப் போனேன். லோரன் லாரியின் தீவனத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் என்னுடையது.

"நேத்து நான் பேசினது தப்பு. வா, கடையில 'பை' வாங்கித் தரேன், சாப்பிடலாம்."

"பரவாயில்ல, சார்ஜன்ட்."

"அந்த வார்த்தையை இனிமே என் முன்னால சொன்னே, உதைப்பேன். வண்டியை எடு."

அவனுடைய பிக்கப்பில் ஏறினேன். ரூபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடுகிற அந்த இனிப்புப் பை நன்றாகக் கிடைக்கிற கடை ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். மில் வாசலில் நின்றால் அதன் போர்டு தெரியும். அரை மைல்கூட இல்லை. லோரன் பன்றி விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். பாலத்துக்கு இருநூறு அடி முன்னால், பேச்சை நிறுத்தாமலே, கை தானாக இண்டிகேட்டரைப் போட்டு இடது பக்கம் திருப்பியது. வயல்களுக்கு நடுவே போனோம். தண்டவாளத்தைத் தரையோடு கடக்கிற ஒரு கேட்டில் அந்தப் பக்கம் போய், மறுபடி திரும்பி வந்தோம். அவன் பன்றி விலையை முடித்து மழைக்கு வந்திருந்தான். கடை வாசலில் வண்டி நின்றபோது மீட்டரைப் பார்த்தேன். ஏழு மைல்.

"லோரன், இப்ப எந்த வழியா வந்தோம்?"

"எப்பவும் வர்ற வழிதான்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பின்பக்கக் கண்ணாடியில் தெரிந்த பாலத்தைப் பார்த்தான்.

"பாலத்துக்கு மேல போறது பிரச்சனையில்ல" என்றான் கடைசியில். "கீழதான்."

பை சாப்பிட்டோம். அவன் சுவரோரம் வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. அப்பீல் போடுவோம், ஆனால் புதிய ஆதாரம் வேண்டும், உன் கையால் உன் கஷ்டத்தை எழுதிக் கொடு என்றேன். மிகவும் யோசித்து, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தான். மொத்தம் இரண்டு வாக்கியம். 'சில பாலங்களைத் தவிர்க்கிறேன். மற்றபடி நலம்.'

அந்தக் காகிதத்தை அவன் முன்னாலேயே நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"மற்றபடி நலமாம்! உன் கல்லறைக் கல்லுலயும் அதையே வெட்டச் சொல்றேன், இரு."

"எனக்கு இதெல்லாம் எழுத வராது, சார்ஜன்ட். மனசுல என்ன இருக்குன்னெல்லாம்..." அவன் கைகளை விரித்தான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவன் கான்வாய் டிரைவர். ஸ்டோரிலிருந்து சாமான் ஏற்றிப்போன எத்தனை டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அம்மாவுக்குக் கடிதம் எழுதத் தெரியாது. ஆனால் டிரிப் ஷீட்டைக் கொடுத்தால், எந்த மைலில் எத்தனை நிமிடம் எதற்காக நின்றோம் என்று ஒரு வரி விடாமல் எழுதுவார்கள். எழுதாவிட்டால் நானே ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருப்பேன்.

"மனசை விடு. டிரிப் ஷீட் எழுத வரும்ல?"

"அது வரும்."

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பயணத்துக்கு டிரிப் ஷீட் போடு. மைல், திருப்பம், நிறுத்தம், காரணம். ஒரு நிறுத்தம் விட்டுப்போனாலும் வாங்கமாட்டேன்."

மூன்றே நாளில் கொண்டுவந்தான். நாலு பக்கம். ராணுவத்தில் பழகிய பெரிய எழுத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தான்.

மைல் 0. புறப்பாடு 5.05. இரவு தூக்கம்: ஒன்றரை மணி.
மைல் 1. ரயில்வே பாலம். தவிர்ப்பு. கூடுதல் தூரம் 7.
மைல் 22. நிறுத்தம், 9 நிமிடம். சாலையோரம் கறுப்புப் பை. குப்பை என்று உறுதியானபின் புறப்பாடு.
மைல் 41. நிறுத்தம், 6 நிமிடம். வாந்தி.
மைல் 64. ஹைவேக்கு மேலே போகும் பாலம். நிறுத்தம், 12 நிமிடம். பாலத்தின் மேல் ஒரு பெண், சைக்கிளோடு நின்று கீழே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருப்பு.
மைல் 97. நிறுத்தம், 15 நிமிடம். காரணம்: கை. ஸ்டீயரிங்கைப் பிடிக்கவில்லை.
மைல் 117. பெட்ரோல் நிலையம். முகச் சவரம், சட்டை மாற்றம். பழைய சட்டை நனைந்திருந்தது.
மைல் 118. வருகை 9.35.

துவைத்துத் தேய்த்த சட்டை என்று அந்த அறிக்கையில் இருந்ததே, அது இதுதான். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவன் பயந்துபோய், "எங்கயாவது தப்பா இருக்கா சார்ஜன்ட்?" என்றான்.

"சுத்தமா இருக்கு. கையெழுத்துப் போடு."

ட்வைலா பிரசவக் கதையை எழுதிக் கொடுத்தாள். வரைபடத்தில் இரண்டு வழியையும் நானே இரண்டு நிறத்தில் வரைந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து அப்பீலை அனுப்பினேன். திருப்பிவந்த பயணப்படிப் படிவத்தையும் சிவப்பு மையோடு அப்படியே மேலே வைத்தேன். ஆகஸ்டில் மறுபரிசோதனைக்குத் தேதி வந்தது. அதே மருத்துவமனை, வேறு டாக்டர்.

இந்தத் தடவை நானும் உடன் போனேன், நூற்றுப் பதினெட்டு மைலும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சோளம், நடுவில் வெள்ளைப் புழுதி. முதுகெலும்பு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லோரன் ஐந்து இடத்தில் நிறுத்தினான். ஒவ்வொரு தடவையும் நான் ஜன்னலுக்கு வெளியே சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் நிலையத்தில் சட்டையை மாற்றப் பையை எடுத்தபோது மட்டும் தடுத்தேன்.

"அதே சட்டையோட வா."

"நாறுது, சார்ஜன்ட்."

"நாறட்டும்."

அவனுக்கு அது பெரிய அவமானம். நூற்றுப் பதினெட்டு மைல் ஓட்டியதைவிட, அந்த ஈரச் சட்டையோடு வரவேற்பறையில் உட்கார்ந்ததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு டாக்டரே வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண். சிரித்துக்கொண்டு கை நீட்டினார்.

"மிஸ்டர் ஹைஸ்மன், எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றான் லோரன்.

எழுந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. என்னை உள்ளே விடமாட்டார்கள். அங்கே இருந்த பழைய பத்திரிகையில் மீன் பிடிப்பதைப் பற்றிய ஒரே பக்கத்தை ஒன்றரை மணி நேரம் படித்தேன். மனதுக்குள் அடுத்த அப்பீலைக்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அவன் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கண்ணிமை தடித்திருந்தது. வண்டியில் ஏறிக் கதவை மூடியதும் கேட்டேன்.

"என்னப்பா சொன்னே உள்ள?"

"டிரிப் ஷீட்டை அவங்க ஏற்கெனவே படிச்சிருந்தாங்க. கையில வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு நிறுத்தமா கேட்டாங்க."

"நீ?"

"சொன்னேன். ஷீட்ல இருக்கறதுதானே." சாவியைப் போடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான். "மைல் அறுபத்தி நாலுக்கு வந்தப்போ பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. பாலத்துக்கு மேல நிக்கிறவங்களைப் பாத்தா உங்களுக்கு யார் ஞாபகம் வருதுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"சொன்னேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததை ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். என்னிடமும் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. திரும்பி வரும்போது நாலு இடத்தில்தான் நிறுத்தினான். ஒரு இடத்தில் எனக்காக, வேகவைத்த சோளம் வாங்க.

அக்டோபரில் அறுவடை மும்முரத்தில் கடிதம் வந்தது. நான் ஜன்னலோரம் நின்று சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். படியில் தடதடவென்று சத்தம். லோரன் இறங்கி வந்தான், சட்டையெல்லாம் தீவனத் தூசு. மில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அப்படி அவன் எப்போதுமே செய்ததில்லை. கடிதத்தை என் சாண்ட்விச்சின் மேலேயே வைத்தான்.

"பாருங்க சார்ஜன்ட். பாருங்க!"

நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஐம்பது சதவீதம், மனு போட்ட தேதியிலிருந்து.

"ஐம்பதுடா லோரன்! ஐம்பது குடுத்திருக்காங்க!"

"அது இருக்கட்டும். இங்க பாருங்க." பக்கத்தைப் புரட்டினான். ஆதாரங்களைப் பற்றிய பகுதியில் ஒரு வரிக்கு அடியில், தீவனம் ஒட்டிய விரலால் கோடு போட்டுக் காட்டினான். "வாசிங்க. சத்தமா வாசிங்க."

வாசித்தேன். 'மேம்பாலங்களுக்குக் கீழே செல்ல இயலாமையால், 52 மைல் தூரத்தை மனுதாரர் 118 மைல் சுற்றிப் பயணம் செய்துள்ளார். அவர் அளித்த பயணக் குறிப்பு நம்பத்தகுந்தது.'

"நூத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்காங்க" என்றான். "நம்பத்தகுந்ததுன்னு போட்டிருக்காங்க."

அவன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் நான் எத்தனையோ ஆண்பிள்ளைகளைத் திட்டி அழவைத்திருக்கிறேன். ஒருவனையும் கட்டிக்கொண்டதில்லை. அன்றைக்குக் கட்டிக்கொண்டேன், நானும் அழுதேன். பாய்லர் பார்க்க வந்த ஆள் கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனான்.

மறு வாரமே சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தான். ஒண்ணுமில்லாததுக்கு வைத்தியம் வேண்டாம் என்றவன், இருக்கிறது என்று எழுத்தில் வந்தபின் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வியாழக்கிழமை. அன்றைக்கு மில்லில் லீவு. முதல் தடவை ட்வைலா கூடப் போனாள். பிறகு தனியாகப் போனான். பயணப்படிப் படிவங்கள் என் வழியாகத்தான் போகவேண்டும். ஒவ்வொன்றிலும் அதே பெரிய எழுத்தில் 118. குளிர்காலத்தில் பனிக்காற்று அடித்த வாரங்களிலும் 118.

"நீ எவ்வளவு எழுதினாலும் அவன் ஐம்பத்திரண்டுக்குத்தான் காசு குடுப்பான், தெரியுமில்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியும். ஓட்டினதைத்தானே எழுதணும்."

சரி என்று முத்திரை குத்திவிட்டேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. 118, 118, 118. சிகிச்சை எப்படிப் போகிறது என்று கேட்டால் வழக்கமான பதில்தான் வந்தது. அந்த வார்த்தைக்கு உதைப்பேன் என்று நான் சொன்னது ஞாபகம் வந்ததும் சிரித்துவிட்டு, "கஷ்டமா இருக்கு. போயிட்டிருக்கேன்" என்று திருத்திக்கொள்வான்.

மார்ச் கடைசியில், வயலில் பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, படிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். நான் வேறு யாருடனோ போனில் கத்திக்கொண்டே முத்திரையை எடுத்தேன். குத்தப் போன கை நின்றது. போனை வைத்தேன்.

கட்டத்தில் 111 என்று இருந்தது.

"என்னப்பா, தப்பா எழுதிட்டியா? ஏழு மைல் குறையுதே."

லோரன் ஜன்னலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"தப்பு இல்ல, சார்ஜன்ட்" என்றான். "ரயில்வே பாலத்துக்குக் கீழ போனேன்."